மயிலாப்பூரை நடந்துதான் பார்க்க வேண்டும்

சென்னையை ஒரே நாளில் பார்த்துவிட வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகைக் காரைத்தான் நம்புகிறார்கள். காலையில் கபாலீசுவரர் கோயில், அடுத்து சாந்தோம் தேவாலயம், மாலையில் தி. நகரில் துணிக்கடை. மயிலாப்பூருக்குள் நுழைந்ததுமே இந்தத் திட்டம் திணறுகிறது. மாட வீதியில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. தரிசனம் முடிந்து வெளியே வந்து, எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் கோயிலிலிருந்து சாந்தோம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். லஸ் பக்கமும் அவ்வளவு நெருக்கம். தேருக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அமைந்த தெருக்கள் இவை. பறக்கும் ரயிலில் வந்து இறங்கி நடப்பதே இந்த ஊரைப் பார்க்கச் சரியான வழி என்பது என் கட்சி.

திருமயிலை வரை பறக்கும் ரயில் வந்தது 1997-இல். நிலையத்துக்குப் பக்கத்திலேயே லஸ் முனை. அங்கிருந்து சற்று உள்ளே போனால், 1516-இல் போர்த்துக்கீசியர் கட்டியதாகச் சொல்லப்படும் பிரகாச மாதா ஆலயம். ‘லஸ்’ என்றால் அவர்கள் மொழியில் ஒளி. ஊர்க்காரர்களுக்கோ அது ‘காட்டுக் கோயில்’, ஒருகாலத்தில் சுற்றிலும் காடு இருந்ததால். திரும்பி வந்தால் தெப்பக்குளம், மாட வீதிகள், பூக்கடை, பாத்திரக்கடை, நாட்டு மருந்துக் கடை. கோயிலுக்கு வடக்கே இருக்கும் கச்சேரி சாலைக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அரசு அலுவலகத்தைக் குறித்த பழைய சொல் அது. அந்தச் சாலையில் கிழக்கே போனால் சாந்தோம். இப்போதைய தேவாலயம் 1896-இல் எழுந்தது. பழைய கபாலீசுவரர் கோயில் இந்தக் கடற்கரையில்தான் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தபின் உள்ளே தள்ளி இன்றைய கோயில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டரே இந்த ஊரின் வரலாறு. கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் போகிறவருக்கு அது தெரிய வழியில்லை.

வெயிலில் யார் நடப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கோயிலின் நேரமே பதில் சொல்கிறது: நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணி அளவில்தான் திறக்கும். காலையும் மாலையும் நடக்கவும், உச்சி வேளையில் நிழலில் உட்காரவும் ஊர் பழகியே இருக்கிறது. ஐரோப்பியப் பழக்கம் நமக்கு ஒத்துவராது என்பது இன்னொரு வாதம். கோபன்ஹேகன் 1962-இல் தன் கடைத்தெருவான ஸ்ட்ரோயேயில் கார்களைத் தடை செய்தபோது, வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கேயும் கடைக்காரர்கள் அஞ்சினார்கள். அந்தத் தெருவில் இன்றும் கூட்டம் குறையவில்லை. நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பங்குனிப் பெருவிழாவில், அறுபத்துமூவர் அன்று, மாட வீதிகளில் வண்டி ஓடாது; மக்கள் வெள்ளம் நடந்தேதான் வருகிறது. தி. நகர் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை வந்தது.

முதியவர்களும் முட்டி வலிக்காரர்களும் என்ன செய்வது என்ற கேள்விதான் கனமானது. கோயிலிலிருந்து சாந்தோமுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் அவர்களை உண்மையில் தடுப்பது தூரமல்ல. பெயர்ந்த கல், நடைபாதையில் ஏறி நிற்கும் பைக், இறங்க முடியாத உயரப் படி. நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை என்ற கொள்கையை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ் முனையும் கச்சேரி சாலையும் தோண்டிக் கிடக்கின்றன. இரண்டு தடங்கள் திருமயிலையில் சந்திக்கப் போகின்றன. பணி முடிந்து இந்தச் சாலைகளைத் திரும்பப் போடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் நடைபாதைக்கு இடம் ஒதுக்குங்கள், மிச்சத்தை வண்டிகளுக்குக் கொடுங்கள்.