கட்டளைக்கும் வேண்டும் கடிவாளம்

2017 பிப்ரவரி 28-ஆம் தேதி, அமெரிக்க பசிபிக் நேரப்படி காலை 9.37 மணி. அமேசான் நிறுவனத்தின் 'எஸ்3' எனும் தரவுச் சேமிப்பகத்தைப் பராமரிக்கும் குழுவைச் சேர்ந்த ஊழியர் ஒருவர், கணினியில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தார். கட்டணக் கணக்கீட்டுப் பிரிவு மெதுவாக இயங்கியதால், அது சார்ந்த சில சர்வர்களை மட்டும் நீக்குவதே அவரது நோக்கம். ஆனால், கட்டளையில் கொடுத்த ஒரு விவரம் பிழையாகிவிட, எண்ணியதைவிட மிக அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டுவிட்டன.

அடுத்த நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, அந்நிறுவனத்தின் வடக்கு வர்ஜீனியா தரவு மையங்களை நம்பியிருந்த எண்ணற்ற இணையதளங்களும் செயலிகளும் தடுமாறின. சேவையின் நிலையைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கும் அமேசானின் அறிவிப்புப் பக்கமும் அதே சேமிப்பகத்தைச் சார்ந்திருந்ததால், கோளாறு பற்றிய தகவலைச் சுமார் இரண்டு மணி நேரம் அதில் பதிவிட இயலவில்லை.

கட்டளையிட்டவர் ஊடுருவி வந்த விஷமி அல்லர். உரிய அதிகாரம் பெற்றவர். எழுதி வைக்கப்பட்ட வழிமுறையைப் பின்பற்றித்தான் செயல்பட்டார். அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய பாதிப்பு ஏன் ஏற்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, இத்தகைய சேமிப்பகம் இயங்கும் விதத்தை அறிய வேண்டும்.

நம் வீட்டுக் கணினியில் கோப்புகள் அலமாரிக்குள் அடுக்கு, அடுக்குக்குள் உறை என்பதுபோல வைக்கப்படுகின்றன. எஸ்3 போன்ற 'ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்' அமைப்பு அப்படியன்று. அது ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையைப் போன்றது. பெட்டியைக் கொடுத்தால் ரசீது தருவார்கள். பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பது நம் கவலையன்று. ரசீதைக் காட்டினால் பெட்டி கைக்கு வரும். இங்கு ஒவ்வொரு கோப்புக்கும் உரிய பெயரே ரசீது. கோப்புகளைத் தொகுத்து வைக்கும் கொள்கலனை 'பக்கெட்' என்கிறார்கள்.

எந்த ரசீதுக்குரிய பெட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு பதிவேடு தேவை. புதிய பெட்டிக்கு இடம் ஒதுக்க ஓர் அலுவலர் தேவை. அன்று தவறுதலாக நீக்கப்பட்ட சர்வர்கள் இந்த இரண்டு பணிகளையும் செய்த பிரிவுகளுக்கு உரியவை. பெட்டிகள் பத்திரமாகவே இருந்தன, பதிவேடுதான் இல்லாமற்போனது. அவ்விரு பிரிவுகளையும் முழுமையாக நிறுத்தித் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் சேமிப்பகம் பன்மடங்கு வளர்ந்துவிட்டதால், மீண்டும் தொடங்க எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

கோடிக்கணக்கான கோப்புகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டு நிர்வகிக்க இயலாது. எனவே, நிர்வாகிகள் கட்டளை வரிக் கருவிகளை நாடுகின்றனர். ஒரே வரியில் ஓராண்டுக் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றலாம். ஒரே வரியில் அவற்றை அழிக்கவும் செய்யலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, '2017-1' என்று தொடங்கும் பெயருடைய கோப்புகளைக் காலாவதியாக்குமாறு விதி அமைத்தால், ஜனவரி மாதக் கோப்புகளோடு, '2017-10', '2017-11', '2017-12' என்று தொடங்குபவையும் சேர்ந்தே அழியும். இரண்டு இடங்களை ஒத்திசைக்கும் 'சிங்க்' கட்டளையோடு, மூலத்தில் இல்லாததை மறுபுறம் நீக்கும் விருப்பத்தையும் சேர்த்து, மூலமாகத் தவறுதலாக ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டினால், மறுபுறம் உள்ளவை அனைத்தும் துடைத்தெறியப்படும்.

ஓராண்டில் ஒரு கோப்பு தொலையாமல் இருப்பதற்கான வாய்ப்பு 99.999999999 சதவீதம் என்ற அளவில் எஸ்3 வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இந்த உறுதிமொழி வன்தட்டுப் பழுதுக்கு எதிரானது. உரிமையாளரே அழிக்கச் சொன்னால் அது காக்காது.

அந்தச் சம்பவத்துக்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன்பு, ஜனவரி 31 அன்று, 'கிட்லேப்' நிறுவனத்தில் இன்னொரு பாடம் அரங்கேறியது. இரவில் வெகுநேரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரில் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது.

காப்புப் பிரதியைத் தேடி எஸ்3 பக்கெட்டைத் திறந்தால், அது காலியாக இருந்தது. பிரதியெடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அப்பணி தினமும் தோல்வியடைந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களோ உரிய கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. விபத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நடந்ததை அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியவரைத் தண்டிப்பது எளிது. ஆனால், அடுத்து அந்த இருக்கையில் அமர்பவரும் மனிதர்தான். அமேசான் செய்த திருத்தம் இங்கே கவனிக்கத்தக்கது. சர்வர்களை மெதுவாகவே நீக்கும்படியும், குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே செல்ல அனுமதிக்காதபடியும் அந்தக் கருவி மாற்றியமைக்கப்பட்டது. 'கவனமாக இருங்கள்' என்ற சுற்றறிக்கையைவிட இது பயன்மிக்கது.

பிற நிர்வாகிகளுக்கும் வழிகள் உண்டு. 'டிரைரன்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், கட்டளை என்ன செய்யும் என்பதைச் செய்யாமலேயே காட்டும். 'வெர்ஷனிங்' வசதியை இயக்கி வைத்தால், அழித்த கோப்பின் பழைய பதிப்பு உள்ளே இருக்கும். இவ்வசதி தானாக இயங்குவதில்லை. உரிமையாளர்தான் இயக்க வேண்டும். அழிக்கும் அதிகாரத்தை அன்றாடப் பணிக்கான கணக்குகளிடமிருந்து பிரித்து வைப்பதும் அவசியம்.

இவை தொழில்நுட்பர்களுக்கு மட்டுமான செய்திகள் அல்ல. நம் மருத்துவ அறிக்கைகளும், சான்றிதழ்களும், வங்கிப் பதிவுகளும் ஏதோ ஒரு சேமிப்பகத்தில், யாரோ ஒருவரின் கட்டளைக்கு உட்பட்டு இருக்கின்றன. அவற்றைக் காக்கும் நிறுவனங்களிடம், 'காப்புப் பிரதி இருக்கிறதா?' என்று கேட்டால், 'இருக்கிறது' என்றே பதில் வரும். கிட்லேப் நிறுவனமும் அப்படித்தான் நம்பியிருந்தது. 'அந்தப் பிரதியிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?' என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.