துண்டுப் படங்கள் சேர்ந்த அகலக் காட்சி

படூரில் பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்திலிருந்து கிழக்கே விரியும் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் வங்கக் கடலும் சாதாரண லென்சின் ஒரே சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கால்பங்காவது மீண்டும் இடம்பெறுமாறு பகுதி பகுதியாக எடுத்து, பின்னர் கணினியில் இணைத்துப் பெறுவதே பனோரமா எனப்படும் அகலக்காட்சிப் படம்.

இவ்வேலை கணினியோடு பிறந்ததன்று. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரரான லினியஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் படமெடுத்து, 21 அச்சுப்படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார்.

அவர் கண்ணால் பார்த்துப் பொருத்திய விளிம்புகளை மென்பொருள் எண்களால் தேடுகிறது. கணினி ஆய்வாளர் டேவிட் லோ 1999இல் வெளியிட்ட முறையில், படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகள் கண்டறியப்பட்டு, அளவோ சாய்வோ மாறினாலும் அடையாளம் காணத்தக்கவாறு ஒவ்வொன்றின் சுற்றுப்புறமும் ஓர் எண்வரிசையாகக் குறிக்கப்படுகிறது. ஆனால் படூர் அடுக்குமாடிகளின் சன்னல்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருப்பதால், மூன்றாம் மாடிச் சன்னல் ஏழாம் மாடிச் சன்னலோடு பொருந்திவிடும். எனவே மென்பொருள் குருட்டாம்போக்கில் நான்கு புள்ளி இணைகளை எடுத்து, அவற்றின்படி ஒரு படத்தை மற்றதன்மேல் வைத்தால் எஞ்சியவற்றுள் எத்தனை ஒத்துவருகின்றன என்று எண்ணி, இதைப் பலமுறை செய்து, பெரும்பான்மைக்கு உடன்படாத இணைகளைத் தள்ளிவிடுகிறது. ராண்சாக் எனப்படும் இவ்வழி 1981இலேயே வெளிவந்தது.

இக்கணக்கு இரண்டு நிலைகளில்தான் சரியாக வரும்: கேமரா இடம் மாறாமல், லென்சின் ஒளிநுழைவுப் புள்ளியை அச்சாகக் கொண்டு சுழல வேண்டும், அல்லது எடுக்கப்படும் பொருள் தட்டையாக இருக்க வேண்டும். ட்ரைப் சுவரோரமாக நகர்ந்தும் பிழைத்தது இரண்டாவதால். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு என்னும் பாறைப் புடைப்புச் சிற்பமோ ஏறத்தாழ 90 அடி நீளமுடையது. யானைகள் புடைத்து நிற்க, நாகர்கள் இருக்கும் பிளவு உள்வாங்கியிருப்பதால், நகர்ந்து எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் பிளவின் உட்பக்கம் வேறாகத் தெரியும். பிளவு முழுவதையும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஒட்டு விழும் கோட்டைத் தட்டையான பாறைப்பரப்பில் அமைப்பதே விவேகம்.

அவ்வூர்க் கடற்கரைக் கோயிலருகே எழும் அலைகளுக்கும் இதுவே வழி. இரு படங்களில் இருவேறு நிலையில் உள்ள அலைகளைக் கலந்தால் நுரை ஆவியுருவாய் இரட்டிக்குமாதலால், ஹூகின் போன்ற கட்டணமில்லா மென்பொருளில் வேண்டாத அலையை முகமூடியால் மறைத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.