புதைந்த சிறகுகள் – 9: எண்பது மீட்டர் பனிக்குக் கீழே

1942 ஜூலை 15 அன்று, மோசமான வானிலையால் ஐஸ்லாந்தை அடைய முடியாமல் திரும்பிய ஆறு பி-38 போர் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் எரிபொருள் தீரும் தறுவாயில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் இறங்கியதும், அவற்றில் இருந்த 25 பேரும் உயிருடன் மீட்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. அவற்றுள் ஒன்றான, ஹாரி ஸ்மித் ஓட்டிய பி-38 பனிக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட வரலாறு இவ்வாரத்துக்கு உரியது. எனினும் அதற்குமுன் அந்தப் பனியின் இயல்பைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கர்களான பாட் எப்ஸும் ரிச்சர்ட் டெய்லரும் 1981-இல் தேடலைத் தொடங்கியபோது, விமானங்களின் வால்பகுதிகளேனும் வெளியே தெரியும், மேலே படிந்த பனியை அகற்றினால் போதும் என்றே எதிர்பார்த்தனர். 1988-இல் பனிக்குள் ரேடியோ அலைகளைச் செலுத்தி எதிரொலியைப் பதியும் ராடார் கருவி அவற்றின் இருப்பிடத்தைக் காட்டியபோதுதான், அவை ஏறத்தாழ 80 மீட்டர் ஆழத்தில் கிடப்பது தெரியவந்தது. 46 ஆண்டுகளில் 80 மீட்டர் என்றால், ஆண்டுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் கனம்; அதுவும் புதிதாகப் பெய்த பனியின் கனமன்று, நெருக்குண்டு இறுகிய பனியின் கனம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று தென்கிழக்குக் கிரீன்லாந்தின் உயர்ந்த விளிம்பில் மோதி மேலெழும்போது தன் ஈரத்தை அங்கேயே பனியாகக் கொட்டிவிடுவதால், அத்தீவிலேயே மிகுதியான பனிப்பொழிவைப் பெறும் பகுதி அதுவாகும். கோடையில் உருகுவதைவிடப் பெய்வது அதிகமாக இருப்பதால், ஒவ்வோர் ஆண்டின் படிவும் முந்தைய ஆண்டுகளின் படிவை அழுத்த, பஞ்சுபோன்ற பனி முதலில் ஃபிர்ன் எனப்படும், காற்றறைகள் நிறைந்த இறுகிய பனியாகவும், மேலும் ஆழத்தில் அவ்வறைகள் மூடுண்டு கெட்டியான பனிக்கட்டியாகவும் மாறுகிறது. அவ்வாறு மாறிக்கொண்டே அது சரிவை நோக்கி மெல்ல நகரவும் செய்வதால், விமானங்கள் இறங்கிய இடத்திலேயே கிடக்கவில்லை. பழைய வரைபடத்தை நம்பித் தேடியவர்கள் ஏமாந்ததற்கு ஆழத்தோடு இந்த நகர்வும் காரணமாயிற்று.

80 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 50 டன் எடை அழுத்துகிறது. 1990-இல் முதலில் எட்டப்பட்ட பி-17, அகன்ற உள்வெளி கொண்ட உடற்பகுதி உடையதாதலால், நசுங்கிச் சிதைந்திருந்தது. பி-38 லைட்னிங்கோ, விமானி அமரும் சிறிய நடுக்கூடும் இருபுறமும் எஞ்சினைத் தாங்கிப் பின்னோக்கி நீளும் இரு ஒடுங்கிய வால்தண்டுகளுமாக, பெரிய வெற்றிடமே இல்லாத கட்டமைப்பு உடையது. பனி அதை வளைத்ததே தவிர உருவழித்துவிடவில்லை. நீங்காத குளிர் உலோகத்தின் அரிப்பையும் தடுத்தது. அழித்ததும் காத்ததும் ஒரே பனி என்பதே இத்தேடல் முழுவதிலும் மிக வியப்புக்குரியது.

இறங்கிய விதத்துக்கும் இதில் பங்குண்டு. முதலில் இறங்கிய பிராட் மக்மேனஸ் சக்கரங்களை நீட்டியபடி இறங்கியதால், முன்சக்கரம் பனியில் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவர் உயிர் தப்பினார். அதைக் கண்ட மற்றவர்கள் சக்கரங்களை மடக்கியபடியே வயிற்றால் சறுக்கி இறங்கினர். ஸ்மித்தின் விமானம் பெரும் சேதமின்றி நின்றது அதனாலேயே.

1992-இல், வெந்நீர் ஓடும் செப்புக்குழாய்கள் சுற்றிய கூம்புவடிவக் கருவியைப் பனிக்குள் மெல்ல இறக்கி, உருகிய நீரை இறைத்து வெளியேற்றியபடியே ஏறத்தாழ நான்கடி அகலக் கிணறு துளைக்கப்பட்டது. அதன் அடியில் வெந்நீரைப் பாய்ச்சி விமானத்தைச் சுற்றி ஒரு குகையே உருவாக்கப்பட்டு, விமானம் பகுதி பகுதியாகப் பிரித்து மேலேற்றப்பட்டது. கென்டக்கியின் மிடில்ஸ்பரோவில் ராய் ஷாஃப்னரின் பொருளுதவியால் பத்தாண்டுகள் நடந்த சீரமைப்பும், ‘கிளேசியர் கேர்ள்’ என்ற பெயருடன் 2002 அக்டோபர் 26 அன்று அது மீண்டும் வானேறியதும் அடுத்த இதழில் இடம்பெறும்.