வலையினுள் ஒரு மரம்

மாணவர்களே! கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டுயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். அங்குப் பெய்யும் மழைநீர் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இழிந்து, முடிவில் வெள்ளாற்றைச் சேர்கின்றது. வழியில் எத்தனை ஓடைகள் கூடினும், அந்நீர் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி ஏறிச் சுழல்வதில்லை. காரணம் யாது? மலைக்கு உச்சி ஒன்று உண்டு. ஒவ்வோர் இடமும் அவ்வுச்சிக்கு இத்துணைத் தாழ்வு என்னும் அளவும் உண்டு. மேல் கீழ் என்பது வரையறுக்கப்பட்ட இடத்தில் சுழற்சிக்கு வழியில்லை. இவ்வுண்மை கணினி வலைக்கும் பொருந்துமாற்றை இப்பாடத்தில் காண்போம்.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அங்கே மூன்று தளங்களையுடைய ஓர் அலுவலகம் இருப்பதாகவும், தளத்திற்கு ஒரு சுவிட்சு வைக்கப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். ஈண்டுச் சுவிட்சு என்பது விளக்கேற்றும் பொத்தான் அன்று. பல கணினிகளின் கம்பிகளை ஏற்று, செய்தியை உரிய இடத்திற்குச் செலுத்தும் பெட்டியாகும். கம்பி ஒன்று அறுந்தாலும் பணி தடைப்படலாகாது எனக் கருதி, மூன்று சுவிட்சுகளையும் முக்கோணமாக இணைத்தனர். நோக்கம் நன்றே, ஆயினும் அதனுள் ஓர் இடர் ஒளிந்துள்ளது.

கணினி சிற்சில வேளைகளில், 'இம்முகவரிக்கு உரியவர் யார்?' என அனைவரையும் நோக்கி வினவும். அப்பொதுச் செய்தியைப் பெற்ற சுவிட்சு, அது வந்த வழி ஒழிந்த ஏனைய வழிகளிலெல்லாம் படியெடுத்து அனுப்பும். அடுத்த சுவிட்சும் அவ்வாறே செய்யும். முக்கோணத்தில் அச்செய்தி இருபுறமும் ஓயாது சுற்றும். இத்தகைய செய்திக்கு ஆயுள் வரையறை இல்லை. ஆதலின் புதியன சேரச் சேர, வலை முழுவதும் விரைவில் செயலற்றுப் போகும்.

இவ்விடரை நீக்கும் முறையை 1985ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். அது 'ஸ்பேனிங் ட்ரீ' எனப்படும். எல்லாச் சுவிட்சுகளையும் தழுவி நிற்பதால், நாம் அதனைத் 'தழுவு மரம்' எனலாம். இலக்கணத்தையும் மருத்துவத்தையும் செய்யுளில் யாத்த மரபினர் நாம். அவ்வம்மையாரும் தம் முறையை விளக்க ஒரு சிறு பாடல் இயற்றினார் என்பது நமக்கு இன்பம் தருவதாகும்.

இம்முறையில் சுவிட்சுகள் தம்முள் சிறு மடல்களைப் பரிமாறி, ஒன்றனை வேராகத் தேர்கின்றன. மலைக்கு உச்சி எத்தகையதோ, வலைக்கு வேர் அத்தகையது. ஏனைய சுவிட்சுகள் வேரை அடையும் எளிய வழியை அளந்தறிந்து, சுழற்சிக்கு இடந்தரும் மிகுதி வழியை அடைத்துவிடும். அடைபட்ட வழி வீணானதன்று. வேறொரு கம்பி அறுமாயின், அது திறந்து பணியை ஏற்கும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 நொடிகள் ஆகும். 2001ஆம் ஆண்டில் வந்த விரைவு முறையில் பெரும்பாலும் சில நொடிகளே போதும்.

வேரைத் தேரும் அளவுகோல் முன்னுரிமை எண். அவ்வெண் குறைந்ததே வேராகும். பொதுவாகச் சுவிட்சுகள் 32768 என்னும் எண்ணுடனேயே வருகின்றன. எண் ஒத்திருப்பின், பொறிக்கப்பட்ட முகவரி எதற்குச் சிறிதோ அதுவே வேராகும். அவ்வாறு வாளா விட்டால், மூலையிற் கிடக்கும் வலுவற்ற பழஞ்சுவிட்சு வேராகிவிடவும் கூடும். ஆகவே, அறிந்தோர் நடுவிலுள்ள வலிய சுவிட்சுக்கு 4096 எனவும், அதற்குத் துணை நிற்பதற்கு 8192 எனவும் எண் இடுவர். கணினி மட்டுமே இணையும் வாயிலில் பிறிதொரு சுவிட்சு தவறி இணைக்கப்படின், அவ்வாயில் உடனே மூடுமாறும் செய்வர்.

இவற்றைப் புறக்கணித்தலால் விளையும் கேடு சிறிதன்று. 2002ஆம் ஆண்டு நவம்பரில், பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் சுவிட்சுகள் அளவிறந்து தொடுக்கப்பட்டிருந்தமையால் தழுவு மரம் நிலைகுலைந்தது. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் கணினியை விடுத்து, தாளும் எழுதுகோலும் கொண்டு நோயாளரைக் காத்தனர்.

மாணவர்களே! கல்வராயன் மலைக்கு உச்சியை இயற்கை அமைத்தது. கணினி வலைக்கோ, உச்சியை நாமே ஆராய்ந்து அமைத்தல் வேண்டும். வழிகள் பலவாதல் நன்று. அவற்றுள் இயங்குவது எது, காத்திருப்பது எது என முன்னரே வகுத்தல் அதனினும் நன்று.