பழைய காயம், புதிய மதமதப்பு

தாம்பரம் விமானப்படை நிலையத்தைச் சுற்றி, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கமெல்லாம் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நிறைய. முழங்கால் வலியையும் முதுகு வலியையும் டாக்டரிடம் சொல்பவர்கள், பாதம் மரத்திருப்பதைச் சொல்வதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். என்றோ பட்ட அடியின் மிச்சமாகவும் அது இருக்கலாம்.

எலும்பு கூடிவிடும், நரம்பு?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே முறிவு ஏற்பட்டு அது நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாது. செருப்பு தரையில் இழுபடும். மேற்கை எலும்பு முறிந்தவருக்கு மணிக்கட்டு தொங்கிவிடலாம். அறுந்த நரம்பு வளர்ந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதற்குள் தசை சூம்பத் தொடங்கிவிடும். முதுகில் அடிபட்டவருக்கோ, முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) தேய்ந்து நரம்பை அழுத்தப் பல வருஷம் ஆகலாம். ஊன்றுகோலை அக்குளில் அழுத்தி நடந்தே கை மரத்துப்போனவர்களும் உண்டு.

சர்க்கரை இருந்தால் குழப்பம் கூடும். சர்க்கரையால் வரும் மதமதப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து மேலேறும். காயத்தால் வந்தது பெரும்பாலும் ஒரு பக்கமாக, ஒரு நரம்பின் வழியிலேயே நிற்கும். நரம்புக் கடத்தல் சோதனை இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும்.

போர்டு கேட்கும் கேள்வி

ஊன ஓய்வூதியத்துக்கு மெடிக்கல் போர்டு பார்ப்பது இதைத்தான்: பாதிப்பு பணியால் வந்ததா, பணியால் முற்றியதா? ஊனம் பொதுவாக 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 1985இல் ராணுவத்தில் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயால் 1994இல் வெளியேற்றப்பட்டார். பணியோடு தொடர்பில்லை என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால், தொடர்பில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 21 முதல் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. ஓய்வுபெற்ற தேதியைப் பார்த்தே மனுவை எழுத வேண்டும்.

தீர்ப்பு துணை நிற்கும். காகிதம் இல்லாமல் அதுவும் தடுமாறும். அடிபட்ட அன்றைய ஆஸ்பத்திரிக் குறிப்பு, டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். "நரம்பு பாதிப்பு" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் பாதி வேலைதான் செய்யும். எந்தக் காயம், எந்த நரம்பு, எப்படித் தொடர்பு என்று நரம்பியல் மருத்துவர் விளக்கி எழுத வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது.

கோப்பைத் தேடக்கூடாத நேரம்

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ, உட்காருமிடம் மரத்தாலோ காலை ஓபிக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே எமர்ஜென்சி வார்டுக்குப் போய்விடுங்கள்.