ஆயி மண்டபத்திலிருந்து ஊசுட்டேரி வரை: தண்ணீரைப் பின்னோக்கி ஒரு நடை

எங்க வீட்டு போர் தண்ணீர் நாலு வருஷமாக உப்புக் கரிக்கிறது. கடற்கரையிலிருந்து வீடு ஒன்றரை கிலோமீட்டர்தான். "இன்னும் நூறு அடி இறக்கிடலாம் சார்" என்றார் போர் போடுபவர். தலையாட்டுவதற்கு முன், இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நடந்தே பார்த்துவிட நினைத்தேன். ஜனவரி ஞாயிறு, காலை ஐந்து மணி. பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.

பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபத்தில் ஆரம்பித்தேன். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. ஆயி தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது கதை. கதையை ஒதுக்கினாலும் பொறியியல் நிற்கிறது: ஊற்று மேட்டில், ஊர் பள்ளத்தில். அப்படி இருந்தால் தண்ணீர் தானாக இறங்கி வரும்.

முத்திரையர்பாளையம் தாண்டி பெரம்பை. 1760-ல் அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயப் படை முகாம் போட்டது இந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஊசுட்டேரிக் கரை. ஏரி சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறைய பாதி புதுச்சேரி, மீதி தமிழ்நாடு. புதுச்சேரி தன் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. கரையோர மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே ஊசிவால் வாத்துக் கூட்டம். அதுங்களுக்கு மாநில எல்லை தெரியாது. நிலத்தடி நீருக்கும் தெரியாது.

மதியம் வடகிழக்கே பூத்துறை செம்மண் மேடு. மழை அறுத்த ஓடைகள் சிவப்புச் சுவர் மாதிரி நிற்கின்றன. இது கடலூர் மணற்பாறை என்ற படிவம். இங்கே வெளியே தெரியும் அதே அடுக்கு, கடலை நோக்கிச் சரிந்து புதுச்சேரிக்கு அடியில் போகிறது. இங்கே பெய்து மண்ணில் இறங்கும் மழைதான் அந்த அடுக்கை நிரப்புகிறது. மொட்டை மேடாக இருந்தால் மழை மண்ணோடு ஓடிவிடும். பக்கத்தில் ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வரப்பு போட்டு மரம் வளர்த்ததன் அர்த்தம் இங்கே நின்று பார்த்தால் புரிகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல் நீர் 1.025. கடலோர நிலத்தில் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பு ஏறாது. திருப்பிப் பாருங்கள்: உறிஞ்சி உறிஞ்சி மேலே ஒரு மீட்டர் குறைத்தால், கீழே உப்பு 40 மீட்டர் ஏற இடம் கொடுக்கிறோம். நடுவில் களிமண் அடுக்குகள் இருந்தால் கணக்கு மாறும், திசை மாறாது.

நூறு அடி இறக்கினால் எனக்கு நல்ல தண்ணி கிடைக்கலாம். ஆனால் அது இந்த மேடு பல காலமாகக் குடித்து அனுப்பிய பொதுச் சொத்து.

கோரிமேட்டில் பஸ் பிடித்தபோது மாலை ஐந்தரை. இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பேன். குதிகால் கொப்புளம் சாட்சி. பஸ்ஸிலேயே இன்னொரு கணக்கு: ஆயிரம் சதுர அடி மாடி, வருஷத்துக்கு 1,200 மி.மீ. மழை என்றால் சுமார் 1,10,000 லிட்டர். இதுவரை அத்தனையும் சாக்கடைக்குத்தான் போனது.

போர்க்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் மாடிக் குழாயடியில் உறை இறக்குகிறோம். இரண்டு மழைக்காலம் கழித்து உப்பு அளவை எழுதுகிறேன்.