ரத்தம் கொட்டினால் முதலில் அழுத்துங்கள்

அரிவாள்மனையில் கை அறுபட்டாலும் சரி, சாலை விபத்தில் தொடை கிழிந்தாலும் சரி, முதல் வேலை ஒன்றுதான். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவருவது, சொந்தக்காரர்களுக்குச் சொல்வது எல்லாம் பிறகுதான்.

பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே அந்த நிலை வந்துவிடும். ஆம்புலன்ஸ் வரும்வரை காப்பாற்றக் கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே.

அழுத்துவது எப்படி?

சுத்தமான துணி எதுவானாலும் போதும். துண்டு, துப்பட்டா, கைக்குட்டை எல்லாம் உதவும். கையுறை இல்லாவிட்டால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளலாம். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். குறைந்தது 10 நிமிடம் கையை எடுக்கக் கூடாது. அதற்குள் இன்னொருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

'நின்றுவிட்டதா பார்ப்போம்' என்று துணியைத் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. காயத்தின் வாயில் முதலில் தட்டணுக்கள் வந்து ஒட்டும். அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற மெல்லிய இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் இந்த அடைப்பு அடித்துக்கொண்டு போய்விடும். நாம் அழுத்துவது அந்த வேகத்தைக் குறைக்கத்தான். துணியைப் பிய்த்தால் உருவான அடைப்பும் கூடவே பிய்ந்துவரும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து, சரியான இடத்தில் இன்னும் பலமாக அழுத்துங்கள்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், அடுப்புச் சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். தையல் போடுவதற்கு முன் அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடாகிவிடும்.

கம்பியோ கண்ணாடியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே உள்ளே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் துணியை அணைபோல வைத்துக் கட்டி, அது அசையாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது இறுக்கிக் கட்டலாம்?

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் கட்டுங்கள். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். அதில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறும் ஒயரும் தசையை அறுத்துவிடும், அவை வேண்டாம். கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது.

முகம் வெளிறி, உடம்பு சில்லிட்டு வியர்த்து, நாடி வேகமாகத் துடித்தால் ரத்தம் நிறையப் போய்விட்டது என்று பொருள். படுக்கவைத்துப் போர்த்துங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள்.

சின்னக் காயமானாலும் அழுக்கோ துருவோ பட்டிருந்தால் டி.டி. ஊசி தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போலீஸ், கேஸ் என்று பயமா?

சாலையில் அடிபட்டவரைத் தொடப் பலரும் தயங்குவது இதனால்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. பெயரும் முகவரியும் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எனவே தயங்காமல் கையை வைத்து அழுத்துங்கள்.